சூட்டு வலி

கலைமதிக்கு உட்காரத் தெரியாது. பிறந்த தொண்டூருக்கும் இது தெரியும், வாழ்க்கைப்பட்ட செஞ்சிக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சதா காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள். அவளுக்கு அது வசதியாகப் போய்விட்டது. ப்ளஸ் டூ முடித்த கையோடு செஞ்சி காந்தி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நாளெல்லாம் நின்று கால் வீங்குகிறது என்று மற்ற பெண்கள் மூக்கால் அழும்போது, இவள் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருப்பாள். கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு பொறந்தவ என்று முதலாளி வாய் நிறையச் சொல்வார். அதற்காகச் சம்பளத்தை ஏற்றினாரா என்றால், இல்லை.

அவளைக் கட்டிய இளவரசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஆற அமர வேலை பார்க்கிற ஆள். அவன் ஒரு டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் இவள் துணி துவைத்துக் காயப்போட்டு வந்துவிடுவாள். திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் அவர்கள் வீடு. பெரியவர்கள் போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்து, நடுவில் ஹாலோ பிளாக் சுவர் வைத்தார்கள். சுவர் கூரை வரைக்கும் ஏறவில்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கத்தில் இளவரசனின் அண்ணி அமலா இருக்கிறாள். அவள் புருஷன் தனசேகரன் சென்னையில் பெயிண்ட் வேலை செய்கிறான். அவன் ஊருக்கு வரும்வரை அமலாவுக்குத் துணை அவளுடைய தையல் மெஷின்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

கலைமதியைக் கேட்டால் காரணம் இப்படிச் சொல்வாள். மூத்தவள் தமிழினி வயிற்றில் இருந்தபோது, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். நாள் நெருங்கியதும் வலி வந்தது. வேன் பிடித்து, சொந்தபந்தமெல்லாம் ஏறிக்கொண்டு, தொண்டூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இது பிள்ளை வலி இல்லை, வெறும் சூட்டு வலி என்று நர்ஸ் திருப்பி அனுப்பினாள். மறுபடியும் வலி, மறுபடியும் வேன், மறுபடியும் சூட்டு வலி. மூன்றாவது முறையும் திரும்பி வந்தபோது, பார்க்க வந்திருந்த அமலா எல்லார் முன்னாலும், "நல்லாத்தான் நாடகம் ஆடறா" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல் ஊரைச் சுற்றி வந்தது. நாத்தனார்கள்கூட அவளை நாடகக்காரி என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். கலைமதிக்கு மானம் போய்விட்டது. பெற்ற வலிகூட மறந்து போயிற்று, இது மறக்கவில்லை.

ஆகவே இரண்டாவது உண்டானதும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த முறை நிச்சயமாகத் தெரியாமல் வாயைத் திறக்கப் போவதில்லை. இரண்டாம் பிரசவம் புருஷன் வீட்டில்தான் என்பது வழக்கம், அதனால் தமிழினியை மட்டும் தொண்டூரில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு ஜனம் திரளுகிற நாள். செஞ்சி வழியாகப் போகிற ஒவ்வொரு பஸ்சிலும் ஆள் தொங்கும், ஆட்டோக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. காலையில் இளவரசன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"நான் போவட்டுமா? இல்ல இருக்கட்டுமா?"

"போயா. இன்னிக்கேவா பெத்துக்கப் போறேன்? வூட்ல ஒக்காந்து என் மூஞ்சியப் பாத்து இன்னா பண்ணப் போற?"

சொல்லும்போதே இடுப்பில் ஒன்று சுண்டி இழுத்தது. காட்டிக்கொள்ளவில்லை. அவன் தலை மறைந்ததும் அடுப்பைப் பற்ற வைத்து, சீரகத்தைக் கருக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டாள். சீரகத் தண்ணி குடித்து அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் ஏறினால் பிள்ளை வலி. ஸ்கேன் எல்லாம் வந்த பிறகும் அந்தப் பக்கத்துப் பெண்கள் கைவிடாத பரிசோதனை இது. குடித்தாள். கொஞ்சத்தில் வலி அடங்கியது. "பாத்தியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

பிறகு மறுபடியும் வந்தது. மறுபடியும் குடித்தாள், மறுபடியும் விட்டது. விட்டு விட்டு வருவதுதான் பிள்ளை வலி என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு பிள்ளையைப் பெற்றவள். ஆனால் நாடகக்காரி என்ற சொல் காதுக்குள் இருக்கும்போது தெரிந்ததும் தெரியாமல் போகிறது. தொண்டூருக்குப் போன் போட்டாள்.

"சீரகத்த நல்லா கருக்கினியாடி?" என்றாள் அவள் அம்மா ஆண்டாள்.

"கருக்கினேம்மா. குடிச்சா விட்டுடுது."

"அப்ப சூடுதான். வெய்யில்ல அலைஞ்சிருப்ப. நீ எங்க ஒரு எடத்துல இருக்கற?"

போனை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து பின்கட்டு. துணி மடித்தாள். மடித்ததைக் கலைத்து மறுபடியும் மடித்தாள். பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தி வைத்தாள். வலி வரும்போது கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனதும் நடந்தாள். வாசலில் எட்டிப் பார்த்தால் ராஜகிரிக் கோட்டை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லார் வீட்டிலும் பூட்டு தொங்கியது. எல்லாரும் மலையனூரில். உள்ளே வந்தால் உள்ளே இருக்க முடியவில்லை, வெளியே போனால் வெளியே நிற்க முடியவில்லை. உடம்பைக் கழற்றி எங்காவது மாட்டிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

மத்தியானம் சாய்ந்தபோது சீரகத் தண்ணியை எடுத்து வாயில் வைத்தாள், வாந்தி எடுத்தாள். அதோடு கால் வழியாகச் சூடாக இறங்கியது. பனிக்குடம் உடைந்துவிட்டது.

இளவரசனுக்குப் போன் போட்டாள். பின்னாலிருந்து ஹாரன் சத்தமாகவே கேட்டது.

"வளத்தி ஊராண்ட மாட்டிக்கிட்டேன் கலை. முன்னால பஸ்சு, பின்னால பஸ்சு. திருப்பவே முடியல. நூத்தி எட்டுக்குப் போடு, நான் வந்துடறேன்!"

போட்டாள். வண்டி கிளம்புகிறது, ரோட்டில் கூட்டம் இருக்கிறது, பக்கத்தில் யாராவது பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டது போனில் ஒரு பெண் குரல். கலைமதி சுவரைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த வலி வந்து அவளை மண்டி போட வைத்தது. போன் கைநழுவி விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்தம் மட்டும் வெளியே வரக்கூடாது. செத்தாலும் வரக்கூடாது.

மெஷின் நின்றது.

பின்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். பதிலுக்குக் காத்திராமல் தள்ளித் திறந்துகொண்டு அமலா வந்து நின்றாள், கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியபடி.

"காலைலேர்ந்து நடை சத்தம் கேட்டுனே இருந்துச்சு. நீதான் எப்பவும் நடக்கறவளாச்சேன்னு இருந்தேன். இப்ப சத்தமே இல்ல. அதான்..." என்றவள் தரையைப் பார்த்தாள், ஈரத்தைப் பார்த்தாள். "ஐயோ. நீ இரு. யாராச்சும் பெரியவங்கள கூட்டியாறேன்."

வாசல் வழியாக ஓடினாள். ஒவ்வொரு வீடாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"தெருவே பூட்டிக் கெடக்குது. மெயின் ரோட்டுக்குப் போயி பாக்கறேன். புள்ள பெத்தவ யாராச்சும் இருப்பாங்க."

"நீங்க வாங்கக்கா."

"நான் எதுக்கு? நான் தொடக்கூடாது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் கலைமதியைக் குத்தியது.

அமலாவின் பக்கத்துக் காரணம் ஒன்று இருந்தது. அது நாடகத்துக்கு முந்தியது. தொண்டூரில் கலைமதிக்கு வளைகாப்பு நடந்தபோது, காந்தி பஜாரில் அலைந்து திரிந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தவள் அமலா. வரிசையில் அவள் முறை வந்தபோது ஆண்டாள் சிரித்த முகமாக அந்த வளையலை வாங்கிக்கொண்டு, "நீ போயி சாப்புடும்மா" என்று சொல்லி, சந்தனக் கிண்ணத்தை அடுத்த பெண்ணிடம் நீட்டினாள். பிள்ளை இல்லாதவள் வளையல் போடக்கூடாதாம். மனையில் உட்கார்ந்திருந்த கலைமதி பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசிக்கொண்டு சும்மா இருந்தாள். அமலா போய்ச் சாப்பிட்டாள், கையைக் கழுவினாள், பஸ் ஏறி வந்துவிட்டாள். நாடகம் என்ற சொல் பிறகு வந்தது அங்கிருந்துதான். இத்தனை நாளும் கலைமதி அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, இதைச் சௌகரியமாக மறந்திருந்தாள்.

"மொதல் புள்ள ஆஸ்பத்திரில நல்லபடியா பொறந்துச்சு. இதுக்கு என் கையால எதாச்சும் ஆனா, ஊரு என்னை இன்னா சொல்லும்? உங்கம்மா இன்னா சொல்லும்?" அமலா ஒரு காலைத் தெருப்பக்கம் வைத்துவிட்டாள்.

"அக்கா! போவாத!" நீங்க வாங்க எல்லாம் பறந்துவிட்டது. "எதானா ஆவட்டும், உன் கையிலயே ஆவட்டும். எனக்கு பயமா இருக்குதுக்கா. நாடகம் இல்லக்கா. நெஜமா வலிக்குது."

அந்தக் கடைசிச் சொல்லோடு அவள் வாய்விட்டு அலறிவிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. அமலா நிலைப்படியைத் தாண்டினாள்.

தரையில் கிடந்த போனில் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அமலா அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். சுத்தமான துணி எடுங்க என்றது குரல். அமலா தன் பக்கம் ஓடி, யாரோ டீச்சர் தைக்கக் கொடுத்திருந்த வெள்ளை லைனிங் துணியை அப்படியே அள்ளி வந்தாள். படுக்க வையுங்க என்றது. கலைமதியைப் படுக்க வைப்பது நடக்கிற காரியமா? எழுந்தாள், கட்டில் காலைப் பிடித்தாள், மண்டி போட்டாள், மறுபடியும் எழுந்தாள். "ஒரு நிமிசம் ஒரு எடத்துல இருடி!" என்று அமலா கத்தினாள்.

மோதிரம், வளையலைக் கழட்டிட்டு சோப்புப் போட்டு நல்லா கை கழுவுங்க என்றது குரல். தொட்டிக்குப் போய் முழங்கை வரை நுரையோடு வந்தபோதுதான் வளையல் ஞாபகம் வந்தது அமலாவுக்கு. உருவினாள். நுரைக்கு வழுக்கிக்கொண்டு வந்தன. எங்கே வைப்பது? தரையெல்லாம் ஈரம், திரும்பி வந்ததுமே அவள் கையைப் பற்றிக்கொண்டிருந்தது கலைமதியின் கை. அந்தக் கையில், வீங்கிப்போய் மாதக்கணக்கில் வளையல் இல்லாமல் இருந்த கையில், நுரை வழுக்கலிலேயே அத்தனையையும் தள்ளி ஏற்றிவிட்டு, தன் கையை விடுவித்துக்கொண்டு மறுபடியும் ஓடிக் கழுவி வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது இருவருக்கும் சரியாக நினைவில்லை. அமலா முக்கு என்றாள், முக்காதே என்றாள், குரல் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள், சாமியைக் கூப்பிட்டாள், திட்டினாள். தலை தெரிந்தது. தோள் வந்தது. பிறகு முழுதும் வழுக்கிக்கொண்டு அமலாவின் இரண்டு கைகளுக்குள் வந்துவிட்டது.

அது அழவில்லை.

"அக்கா, ஏன் சத்தம் இல்ல? அக்கா!"

அமலா துணியால் முதுகைத் துடைத்தாள், தேய்த்தாள். "அழுவு. அழுவுடி கண்ணு. உங்கம்மா அந்த கத்து கத்தினாளே, நீயும் கத்து" என்று கெஞ்சினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். பூனைக்குட்டி போல ஒரு முனகல். பிறகு வீடு அதிர ஒரு வீறல்.

அமலா குழந்தையைத் தாயின் நெஞ்சில் போட்டு மூடிவிட்டு, அதைவிடச் சத்தமாக அழுதாள்.

கொடியை அறுக்காதீங்க, வண்டி வந்துடும் என்று குரல் சொல்லியிருந்தது. வண்டி வந்து, அதில் வந்த நர்ஸ் கொடியை அறுத்து, இருவரையும் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினாள். அமலாவும் கூடவே ஏறிக் காலடியில் உட்கார்ந்தாள். துணியெல்லாம் ரத்தம், கழுத்தில் இஞ்சு டேப் இன்னும் தொங்கியது. சைரன் அடித்துக்கொண்டே மலையனூர்ப் பஸ்களுக்கு நடுவில் வண்டி ஊர்ந்தது. கலைமதி அசையாமல் படுத்திருந்தாள். நெஞ்சில் இருந்தது மட்டும் கால்களை உதைத்துக்கொண்டே இருந்தது.

நர்ஸ் டிரிப்ஸ் ஊசியை எடுத்தாள். "கைய நீட்டுங்க. அந்த வளையல கழட்டிடுங்கம்மா, எடைஞ்சலா இருக்குது."

கலைமதி அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். அன்றைக்கு அமலா வாங்கி வந்ததைப் போலவே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். ஓரத்தில் காய்ந்த சோப்பு நுரை. காலடியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். அமலாவும் அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும், தன் வெறும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இந்தக் கை வேணாம். அந்தக் கையில குத்துங்க" என்றாள் கலைமதி. "இத கழட்டக்கூடாது. வளைகாப்புக்குப் போட்டது."

நர்ஸ் சிரித்தாள். "வளைகாப்பா? எப்பம்மா?"

"இப்பதான். எங்கக்கா போட்டுச்சு."