மனப்பாடத்தில் இறந்த அம்மா

செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நெனாத் மீன் பிடிக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவான். தூண்டிலை, தான் வேலைக்கு ஓட்டும் ரொட்டி வண்டியின் பின்பக்கம் எறிந்துவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பாமல் அடுத்த ஊருக்கு ஓட்டுவான். அங்கே எதெல்காவின் வீட்டுக்கு ஒரு தெரு தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, தெரிந்த முகம் ஏதும் தென்படவில்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே நுழைவான்.

எதெல்கா தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழெட்டு செர்பியர்கள் உட்கார்ந்து ஹங்கேரிய மொழி படித்தார்கள். யாருக்கும் மொழியின்மேல் காதல் இல்லை. முன்னோர் யாராவது, செர்பியாவின் வடக்கே உள்ள இந்தப் பகுதி ஹங்கேரியின் கையில் இருந்த காலத்தில் பிறந்திருக்க வேண்டும். தூதரக அலுவலகத்தில் போய் அந்த மொழியில் பேசிக் காட்டவும் வேண்டும். அப்படியானால் ஹங்கேரியக் குடியுரிமை கிடைக்கும். அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் ஆஸ்திரியாவிலோ ஜெர்மனியிலோ ஒளியாமல் வேலை பார்க்கலாம். அதனால் மற்றவர்கள் கொள்ளுத்தாத்தா ஒருவரைத் தேடிச் சர்ச் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

நெனாத்துக்கு எதையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. அவனுடைய அம்மா பிரோஷ்காவே ஹங்கேரியப் பெண். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, சென்டா என்ற அவள் ஊர் ஹங்கேரியிடம் இருந்த சில வருடங்களில், அங்கேயே பிறந்தவள். இப்போது அவன் வீட்டில், அவன் அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். அவளிடம் இலவசமாகக் கேட்டிருக்க வேண்டிய மொழியை அவன் கட்டணம் கொடுத்து வெளியாளிடம் கற்றுக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பத்து வயது வரை பிரோஷ்கா அவனிடம் தன் மொழியில்தான் பேசினாள். அவனை நாந்தி என்று ஹங்கேரியச் செல்லப் பெயரில் கூப்பிடுவாள். செர்பியரான அவன் அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அந்த நேரங்களில் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார். ஒருநாள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது அவள் வாசலிலிருந்து "நாந்தி, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். பையன்கள் ஒரு வாரம் அவனை அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி ஓட்டினார்கள். அவன் வீட்டுக்குள் போய், "இனிமே தெருவுல அந்தப் பாஷையில என்னைக் கூப்பிடாதே" என்றான். அவள் தெருவில் மட்டும் நிறுத்தவில்லை. வீட்டிலும் நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து செர்பிய மொழிதான், அதுவும் கொஞ்சம் தடுமாறும் செர்பிய மொழி. பிறகு அந்தத் தடுமாற்றத்தையும் அவன் கேலி செய்திருக்கிறான்.

வெட்கம் என்பது பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் என்று சொல்வார்கள். நெனாத்தின் விஷயத்தில் அது பொருந்தாது. தெரிய வேண்டியவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

அவனை எதெல்காவின் மேசைக்குத் தள்ளியது அவன் மனைவி துஷான்கா சொன்ன ஒரு விஷயம். அவள் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை கூட்டுகிறாள். செர்பியப் பாஸ்போர்ட்டில் மூன்று மாதம் சுற்றிப் பார்க்கலாமே தவிர வேலை செய்யக் கூடாது. அதனால் மூன்று மாதம் அங்கே, மூன்று மாதம் இங்கே. சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் சலவை அறையில் அழுக்குப் போர்வைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வாளாம். "போன தடவை தும்மல் வந்துடுச்சு, வாயில துணிய அடைச்சுக்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நெனாத் சிரிக்கவில்லை. அவன் கையில் அந்தப் பாஸ்போர்ட் வந்துவிட்டால், அவன் பெண்டாட்டி என்ற முறையில் அவளும் அங்கே சட்டப்படி வாழலாம். அடுத்த செவ்வாய்க்கிழமையே வகுப்பில் சேர்ந்துவிட்டான்.

எதெல்கா தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே வாழ்க்கை வரலாற்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னாள். என் தாத்தா திஸா ஆற்றங்கரையில் மாவு மில் வைத்திருந்தார். என் அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே காலமாகிவிட்டாள். அவள் பாடிய தாலாட்டில்தான் இந்த மொழியைக் கற்றேன்.

நெனாத் தயங்கினான். "எங்கம்மா உயிரோட இருக்காங்களே."

"இருந்தா என்ன? அம்மா இருக்காங்கன்னு சொன்னா, அப்புறம் ஏன்யா இவ்வளவு கேவலமா பேசுறேன்னு கேப்பாங்க. செத்துட்டாங்கன்னு சொல்லு. ஒருத்தரும் மேல கேக்க மாட்டாங்க."

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவனைச் சுட்டது. ரொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டே தினமும் அந்தக் கதையைச் சொல்லிப் பார்ப்பான். தாத்தா, மில், ஆறு வரை சரளமாக வரும். அம்மா இறக்கும் வரியில் குரல் தானாகத் தாழ்ந்துவிடும், வண்டியில் தனியாக இருந்தும்.

இதற்கிடையில் மீனே வராத மீன்பிடிப்பு பிரோஷ்காவின் கண்ணில் பட்டது.

"இவ்வளவு நாளா ஒரு கெண்டைக்குஞ்சு கூடவா மாட்டலை?"

"மாட்டுறத திரும்ப விட்டுடுறேன்மா."

"யாரு அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை?"

"துஷான்கா அங்க கக்கூஸ் கழுவிக்கிட்டுக் கெடக்கா. நீ இங்க சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு மீன் பிடிக்கப் போற. நான் என்ன குருடா?"

அவன் மறுக்கவில்லை. கள்ளத் தொடர்பு என்று அவள் நினைப்பதே மேல் என்று தோன்றியது. உண்மையைச் சொல்வதைவிட அந்தப் பழியைச் சுமப்பது அவனுக்கு எளிதாக இருந்தது.

சுபோட்டிசா நகரில் இருந்த ஹங்கேரியத் தூதரக அலுவலகத்துக்கு நாள் குறித்தார்கள். அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் கல்யாணச் சான்றிதழும் அசலாகவே வேண்டும். பிரோஷ்கா அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள். கொடுக்க மறுத்துவிட்டாள். "என் காகிதம் என்னோடதான் வரும்." வெறும் காகிதம் கொடுக்கிற வேலைதான் என்று சொல்லி அவளை வண்டியில் ஏற்றினான். அவள் காத்திருக்கும் அறையிலேயே உட்கார்ந்திருப்பாள் என்று நம்பினான். பெயரைக் கூப்பிட்டதும் கைப்பையோடு அவளும் எழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட இளம் அதிகாரி. காகிதங்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் ஹங்கேரிய மொழியில்.

நெனாத் அம்மாவைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். அவனிடம் வேறு கதை இல்லை. நடுவில் ஒரு வார்த்தையை மாற்றினால் மொத்தமும் கையை விட்டுப் போய்விடும். ஆரம்பித்தான்.

"என் தாத்தா திஸா ஆற்றங்கரையில்..."

"மாவு மில் வச்சிருந்தார்" என்று அதிகாரி முடித்தாள். "அந்தக் கரையில வீடே இருந்ததில்ல போல. எல்லாமே மில்லுதான். சரி, சொல்லுங்க."

காது சிவந்தது. ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை. மில்லைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, அந்த வரிக்கு வந்தான். "என் அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே காலமாகிவிட்டாள்." பக்கத்து நாற்காலியில் கைப்பையின் கொக்கி ஒருமுறை திறந்து மூடிய சத்தம் கேட்டது. தாலாட்டையும் சொல்லி முடித்தான்.

அதிகாரி கல்யாணச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். "அம்மா காலமாயிட்டாங்க. அப்ப இதைக் கையில வச்சிருந்த நீங்க யாரு, பெரியம்மா?"

"அந்தச் செத்துப்போனவதாம்மா" என்றாள் பிரோஷ்கா. "மன்னிச்சுக்க, எனக்கே இப்பத்தான் தெரியும்."

வேகமாகச் சொன்னாள், தன் மொழியில். நெனாத்துக்கு ஒரு வார்த்தைகூட விடாமல் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மனப்பாடம் வேண்டாம். உங்கம்மாகிட்டயே ஏதாவது பேசுங்க. எதுவா இருந்தாலும் சரி."

அவன் அம்மா பக்கம் திரும்பினான். எதெல்கா சொல்லிக் கொடுத்ததில் உயிரோடிருக்கும் அம்மாவிடம் பேச ஒரு வாக்கியமும் இல்லை. பிறகு அவன் வாயிலிருந்து, அவனே எதிர்பாராமல், பழைய பேச்சு வந்தது.

"பசிக்குதும்மா."

"காலையில ரெண்டு வாய் தின்னுட்டுக் கெளம்புன்னு சொன்னேன்ல?"

"ரொட்டி இருக்கா?"

"பையில இருக்கு. கை கழுவினியா?"

"கழுவிட்டேன்."

அதோடு தீர்ந்தது. அதற்கு மேல் அவனிடம் சொல் இல்லை. பிரோஷ்கா காத்திருந்தாள். பிறகு கைப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"இது பத்து வயசுப் பையன் பேசுற பேச்சு" என்றாள் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. "உங்க வயசுக்கு இது போதாது. காகிதமெல்லாம் சரியா இருக்கு. இலையுதிர் காலத்துல மறுபடி வாங்க. மில்லை விட்டுட்டு வாங்க."

திரும்பி வரும்போது பிரோஷ்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது.

"மீன் பிடிக்கப் போறேன்னு போனது இந்தப் பாஷை படிக்கத்தானா?" என்றாள் கடைசியில், செர்பிய மொழியில்.

"ஆமாம்மா."

"நான் வேற நெனச்சேன்."

"தெரியும்."

"அதுவா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லித் தருவியா?" என்று கேட்டான். இலையுதிர் காலத்துக்குள் தேறாவிட்டால் துஷான்கா அடுத்த குளிர்காலத்திலும் போர்வைகளுக்குள்தான் உட்கார்ந்திருப்பாள். அது இல்லாவிட்டால் அவன் கேட்டிருப்பானா? இந்தக் கேள்வியை அவன் பின்னாளில் பலமுறை தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"துஷான்காவுக்காகச் சொல்லித் தர்றேன்" என்றாள் பிரோஷ்கா. "ஆனா கதவைச் சாத்திக்கிட்டுப் பேச மாட்டேன். நான் என்ன கள்ளச்சாராயமா காய்ச்சுறேன்? கடையிலயும் பேசுவேன், தெருவுலயும் பேசுவேன். என் இஷ்டப்படி கூப்பிடுவேன். கூப்பிட்டா நீ திரும்பிப் பாக்கணும்."

அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, "வண்டியை எடு" என்றாள்.

இலையுதிர் காலத்தில் அதே அதிகாரி அவன் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். அடுத்த வசந்தத்தில் பாஸ்போர்ட் வந்தது. இன்று அவனும் துஷான்காவும் சால்ஸ்பர்க்கில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் அவனுக்கு ஞாபகம் வருவது அந்த அலுவலகம் அல்ல. சுபோட்டிசாவிலிருந்து திரும்பிய அதே வாரத்தில் ஒரு மாலை.

வீட்டுக்கு எதிரே மதுக்கடையின் மேசைகளை வெளியே போட்டிருந்தார்கள். சின்ன வயதுச் சிநேகிதன் மிலோராத் பேசிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட்டுக்காக மொழி படிக்கப் போகிறவர்களைப் பற்றித்தான். "நாலு வார்த்தை கத்துக்கிட்டு ஆத்தாவ மாத்திக்கிறானுங்கடா" என்றான். மேசை முழுக்கச் சிரிப்பு. நெனாத்தும் சிரித்தான். வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்பு, அவனைக் கேட்காமலே வந்துவிட்டது.

அப்போதுதான் எதிர் வாசலில் பிரோஷ்கா வந்து நின்றாள்.

"நாந்தி! சாப்பிட வா!"

மேசை அடங்கியது. மிலோராத் எட்டிப் பார்த்தான். "யாரைடா கூப்பிடுறாங்க உங்கம்மா? பூனை ஏதும் வளக்குறாங்களா?"

நெனாத் கண்ணாடிக் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: முதல் தடவை அவன் திரும்பவில்லை. வண்டியில் கேட்டதும், சலவை அறையில் போர்வைகளும், எல்லாம் தெரிந்திருந்தும் திரும்பவில்லை.

அவள் மறுபடி கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை. அதே அளவுதான். "நாந்தி, சூப்பு ஆறுது!"

"வரேன்மா" என்றான் அவளுடைய மொழியில். மிலோராத்துக்கு மட்டும் கேட்டிருக்கும்.

"என்ன? காது கேக்கல!"

அவன் எழுந்தான். நாற்காலி சரிந்து விழுந்தது. "வந்துட்டேன்மா, இதோ வந்துட்டேன்!" தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. இரண்டு வீடு தள்ளி ஒருத்தி ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"அடப்பாவி" என்றான் மிலோராத். "பூனை நீதானா?"

நெனாத் தெருவைக் கடந்தான். பின்னால் அவர்கள் சிரிக்கிறார்களா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்டான். அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பிரோஷ்கா அவனுக்காக வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய்ச் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் வந்து உட்கார்ந்ததும் அவள் முகத்தைப் பார்த்தான். நல்லதாகவோ கெட்டதாகவோ அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தான்.

"கை கழுவினியா?" என்றாள்.

கழுவவில்லை. எழுந்து போய்க் கழுவினான்.