கரடியூரில் ஒலித்த பேர்

ஏற்காடு கடைத்தெருவில் ஷேக் தாவூதின் ஜவுளிக்கடை சின்னதுதான். மலைமேல் இருப்பவர்கள் உள்பாவாடைக்கும் துண்டுக்கும் அவரிடம் வருவார்கள். பட்டென்றால் பஸ் ஏறிச் சேலத்துக்கு இறங்கிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தை மலையிலேயே நிறுத்தவேண்டும் என்று எண்பத்தாறாம் வருஷம் ஜீப்பில் மைக் கட்டிக் கிளம்பினார்.

"மலிவு விலை, சாயம் போகாது" என்று கத்தினார். நாய்கூடத் திரும்பவில்லை. மஞ்சக்குட்டையில் அலுத்துப்போய், "நம்ம பாவாயி அக்கா கட்டியிருக்கிற சுங்குடி நம்ம கடையில எடுத்ததுங்க!" என்று விளையாட்டாகச் சொன்னார். களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். பாவாயி வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எம் பேரு என்ன பாவம் பண்ணுச்சு பாய்?" என்றார் இன்னொரு பெண். பிடிபட்டுவிட்டது தாவூதுக்கு. சரக்கைச் சொன்னால் கேட்கமாட்டார்கள், ஆளைச் சொன்னால் கேட்பார்கள்.

அந்தச் சூட்டோடு கரடியூர் போனார். அங்கே வாடிக்கை யாருமில்லை. யோசித்தார்.

"உங்க ஊருக்குச் சம்பந்தியா வரப்போற நாகலூர் ஞானசுந்தரி, மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் பட்டு எடுத்தது எங்க கடையிலதானுங்க!"

தண்ணீர்க் குழாயடியில் நின்ற லூர்துசெல்வி குடத்தைக் கீழே வைத்தார். அவர்தான் மாப்பிள்ளையின் அம்மா.

"ஏனுங்க பாய், சேலத்துல நாலு கடை ஏறி எறங்கி எடுத்தேன்னாங்களே? நானும் ஊரு பூராக் காட்டிட்டு வந்தனே!"

குழாயடி சிரித்தது. தாவூதுக்கு அப்போதுதான் உறைத்தது. சேலையை வாங்கும்போது ஞானசுந்தரி குரலைத் தாழ்த்தி, "கடை பேர் போட்ட பை வேண்டாமுங்க பாய். வெறுந்தாள்ல சுத்திக் குடுங்க" என்று கேட்டிருந்தார். புரிந்துகொண்டுதான் சுற்றிக் கொடுத்திருந்தார் தாவூத்.

"அது... வேற ஞானசுந்தரிங்க" என்றார். மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

"எம் பையனுக்குப் பொண்ணு குடுக்கிற ஞானசுந்தரி நாகலூர்ல எத்தனை பேருங்க?"

மறுநாள் காலை நாகலூர் போனபோது ஞானசுந்தரி பஸ்ஸுக்காக நின்றிருந்தார். தாவூத் ஜீப்பிலிருந்து குதித்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தங்கச்சி, நான் வந்து லூர்தம்மாகிட்டச் சொல்றேன். சேலத்துல எடுத்ததுதான்னு சத்தியமாச் சொல்றேன்."

"வேண்டாமுங்க. விஷயம் காதுக்கு வந்ததும் நேத்தே போய் உள்ளதைச் சொல்லிட்டேன். பொண்ணு வாழப்போற ஊடு."

"என்ன சொன்னாங்க?"

"சேலையை மடிச்சு எங்கையில குடுத்துட்டாங்க. கல்யாணம் நிக்கலீங்க. வேற பட்டு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. சேலத்துல."

"ஜீப்பு இருக்குது. நானே கூட்டிட்டுப் போறேனே?"

ஞானசுந்தரி ஜீப்பின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தார். "அதுலயா பாய்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். எஸ்டேட் ரோடு குறுகல். ஜீப்பை ஓட்டிவந்த குழந்தைவேல் காபிச் செடிகள் ஓரமாக ஒதுக்கினான். பஸ் உரசிக்கொண்டு நகரும்போது ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது.

"பாய், நாங்களும் சேலத்துக்குத்தான் துணி எடுக்கப் போறோம். எங்க பேரையும் சொல்லிருங்க!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. ஞானசுந்தரி தலையைக் குனிந்துகொண்டார். தாவூதும்தான்.