வண்டி யார் பேருக்கு

அப்பா மல்லசமுத்திரத்தில் டாக்டராக இருந்தார். சுற்றுவட்டாரத்தில் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி என்று எதற்கு ஆள் வந்து கூப்பிட்டாலும் தன் கறுப்புக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஏற்காட்டில் ஒரு தோட்டக்காரர் ஓட்டித் தேய்த்த பிறகு வாங்கிய வண்டி அது. மார்கழிக் காலையில் முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும்.

அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தபோது அக்காவும் நானும் ஓட்டக் கற்றுக்கொண்டோம். சேலத்துக்குப் போய் ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கினோம். அக்கா அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் சொல்லித்தரப் போய் அங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள். வண்டியை ஓட்டியது நான்தான். அப்பா பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாட்டுவண்டித் தடத்தில் சக்கரம் சிக்காமல் ஓட்டத் தெரியும் எனக்கு. எந்த ஓடையில் எந்த இடத்தில் மணல் கெட்டியாக இருக்கும் என்றும் தெரியும். காட்டில் களை வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து, "டாக்டரூட்டுச் சின்னம்மிணி ஓட்டிட்டுப் போறாங்க" என்று சொல்வது என் காதில் விழும். அது விழவேண்டும் என்றே அந்த இடங்களில் மெதுவாகப் போவேன்.

அக்காவைப் பெண் பார்க்கக் குமாரபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எங்களைப் போலவே கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம், நூல் வியாபாரம். அவர்களை பஸ் நிற்கும் இடத்திலிருந்து காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நான். அக்கா உள்ளே தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் பங்குச் சாமியார் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள்: மாப்பிள்ளைக்குச் சின்னவளைப் பிடித்திருக்கிறதாம்.

அப்பா முதலில் முடியாது என்றார். அக்காதான் விடுதியிலிருந்து வந்து, "எனக்கு வேலை இருக்குதுப்பா. அவளுக்குப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். அவள் முகத்தை நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை. ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று முடிவாயிற்று.

அதற்குள் அப்பாவுக்குப் பார்வை இன்னும் மங்கியது. வைத்தியம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டு, சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். அப்போது அங்கே வீட்டுக்கு வீடு நடுவில் காலி மனைகள்தான் அதிகம். அக்காவும் விடுதியை விட்டு எங்களோடு வந்து சேர்ந்தாள். சாமான்கள் லாரியில் வந்தன. அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரை நான் ஓட்டி வந்தேன்.

வீடு மாறினால் லைசென்ஸிலும் ஆர்.சி. புத்தகத்திலும் விலாசம் மாற்றவேண்டும். அப்பா இப்படிப்பட்ட விஷயத்தில் கறார். வந்த வாரமே அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் புறப்பட்டார். அக்காவுக்கு எதற்கு அவசரம், அவள்தான் ஓட்டுவதே இல்லையே என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். அவருடைய மாமனார் ஊர் எங்கள் பக்கமாம்.

"டாக்டருங்களா! வாங்க, உக்காருங்க. என்னங்க வேணும்?"

"ஊடு மாறிட்டமுங்க. விலாசம் மாத்தோணும். அப்புறம் வண்டியையும் என் பேருல இருந்து மாத்திரலாம்னு இருக்கறேன். இனிமே எனக்கெதுக்கு? கண்ணுதான் போச்சே."

அப்பா இதை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு எனக்குச் செய்யப் போகிறார் என்றே நினைத்துவிட்டேன். குமாரபாளையத்து வீட்டு வாசலில் அந்தக் கறுப்புக் கார் நிற்பதுகூடக் கண்ணில் வந்துவிட்டது.

"யார் பேருக்குங்க?" என்று கேட்டுவிட்டுக் குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் ஓட்டி வந்து நிறுத்தியதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கவேண்டும்.

"பெரியவ பேருக்கு" என்றார் அப்பா.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்ததா, முன்பே தெரியுமா என்று அந்தக் குனிந்த தலையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. மழையில் அந்த வண்டியைத் தள்ளியது நான். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்றியது நான். அவள் கையில் சாக்பீஸ் தூள்தான் பட்டிருக்கும்.

எழுத்து வேலை முடிந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வெளியே வந்தார். எஞ்சின் எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு, "ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க. ஓனரம்மா யாரு?" என்றார்.

அக்கா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். கிளம்பாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். சோக்கை எவ்வளவு இழுக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் தடவை இருமி நின்றது. அடுத்த தடவையும் நின்றது. வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "சோக்க இன்னும் கொஞ்சம் இழுங்க சாமி" என்று குரல் கொடுத்தார். அவள் இழுத்தாள். வண்டி கிளம்பிவிட்டது. முதல் கியர் விழும்போது கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மைதானத்தை ஒழுங்காகச் சுற்றி வந்து, ஓரமாக, கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள்.

"நல்லா ஓட்டறீங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் உள்ளே போனார். அந்த லாரி டிரைவரை எனக்கு இன்றுவரை பிடிக்காது.

பிறகு என் லைசென்ஸை நீட்டினேன். குமாஸ்தா அதைக் கையில் வாங்காமல் அப்பாவிடம் பேசினார். "சின்ன அம்மிணிக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டனுங்க. அப்ப இப்ப எதுக்குங்க? கல்யாணம் ஆனதும் ஊட்டுக்காரர் விலாசத்துக்கே ஒரேடியா மாத்திக்கலாமுங்களே."

"அதுஞ் சரிதான்" என்றார் அப்பா.

"சரியில்லை. இப்பவே மாத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"ரெண்டு மாசத்துக்காகவா சாமி?" என்றார் அப்பா.

"ரெண்டு மாசம்னாலும் நானும் அந்த ஊட்டுலதானே இருக்கறேன்?"

அப்பா குமாஸ்தா பக்கம் திரும்பித் தலையாட்டினார். குமாஸ்தா பேனாவை மையில் தொட்டு, பழைய விலாசத்தை அடித்துவிட்டு ஃபேர்லேண்ட்ஸ் விலாசத்தை எழுதி முத்திரை குத்தினார். வெளியே வந்தபோது சாவி அக்காவின் கையில் இருந்தது. நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் சாலை தெரியவில்லை, அவர்கள் இரண்டு பேருடைய பின்னந்தலைதான் தெரிந்தது.

சாயங்காலம் அக்கா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வண்டியைக் கழுவினாள். நான் படியில் நின்று, "கண்ணாடிக்கு ஈரத்துணி போடக்கூடாது. கோடு விழும்" என்றேன்.

அவள் துணியை வாளியில் போட்டாள்.

"உனக்கு ஏன் வயிறு எரியுதுன்னு தெரியும். நான் அப்பாகிட்டக் கேக்கலை. அவரா செஞ்சாரு."

"எதுக்குச் செஞ்சாரு? ஓட்டினவ நானு."

"நீ போயிருவே. நான் இங்கயே இருப்பேன். அதுக்குத்தான்" என்றவள் சட்டென்று திரும்பினாள். "என்னைப் பாக்க வந்தவங்களை நீதானே கூட்டிட்டு வந்தே? ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு உக்காந்தா நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? அவங்க படியேறி வந்து என் மொகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு. உனக்கு அந்த ஊடு, அந்த மனுஷன், எல்லாம். எனக்கு இந்தத் தகர டப்பா. இதையும் பொறுக்க முடியலையா உனக்கு?"

அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. படித்தவள், சம்பாதிக்கிறவள், அப்பா எதற்கும் முதலில் யோசனை கேட்பவள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அது நன்றாகப் புரிந்தது. ஆனாலும் அவள் குனிந்து சக்கரத்தைத் துடைத்தபோது, என் வண்டியை யாரோ தொடுகிற மாதிரியே இருந்தது.

கல்யாணம் முடிந்து குமாரபாளையம் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். கடையில் பழைய வேன் ஒன்று இருந்தது, அதற்கு டிரைவரும் இருந்தார். நான் ஓட்டட்டுமா என்று கேட்டபோது என் கணவர் சிரித்தார்.

"இங்க நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. உனக்கெதுக்கு அந்தச் சிரமம்?"

என்னை ஸ்டியரிங்கில் பார்த்துப் பிடித்துப்போனவர் இவர்தான். அதைச் சொல்லிக் காட்டவும் செய்தேன். அதற்கும் சிரித்தார்.

அக்கா மாதம் ஒரு தடவை சனிக்கிழமையில் அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சங்ககிரி வழியாக வருவாள். வண்டியை நன்றாக வைத்திருந்தாள். சீட்டுக்குப் புது உறை போட்டிருந்தாள். என் கணவர் வாசலுக்கே போய் நின்று, "இம்புட்டுத் தூரம் நீங்களே ஓட்டிட்டு வாறீங்க, பெரிய காரியமுங்க" என்பார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது அக்காவுக்கு மட்டும் கிடையாது போலிருக்கிறது. நான் உள்ளே போய்க் குழம்புக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மிளகாய் அரைப்பேன். அக்காவுக்குக் காரம் ஆகாது.

அப்படியிருக்கும்போது வேன் டிரைவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பவானியில் சாயம் போட்ட நூல் கட்டுக்கட்டாகக் கிடந்தது. இங்கே தறிக்காரர்கள் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். கணவருக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். வெளியாளிடம் வண்டியைக் கொடுக்கவும் மனம் இல்லை.

"நான் எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

சுற்றிச் சுற்றி யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். "உன் லைசென்ஸுல இன்னும் உங்கப்பாவூட்டு விலாசம்தானே இருக்குது? போலீஸ்காரன் புடிச்சா என்ன சொல்லுவே?"

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் சேலம் போனேன். ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் மத்தியானத்துக்குள் திரும்பி வந்து, புது விலாசம் எழுதிய அந்தப் பக்கத்தை அவர் சாப்பிடும் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து கை கழுவிவிட்டு வேன் சாவியை எடுத்து வந்தார்.

அன்றைக்குக் காவேரிப் பாலத்தின்மேல் வேனை ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் அவர் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவானியில் நூல் ஏற்றியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் யாரும் எந்த விதமாகவும் பேசவில்லை. டிரைவர் குணமாகி வந்த பிறகும் பவானி நடை மட்டும் என்னிடமே இருந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தாள். நான் வேனைப் பின்னால் எடுத்து, அவள் காருக்கு இடம் விட்டுக் கொடுத்தேன். இறங்கியவள் காரைப் பூட்டக்கூட மறந்து அப்படியே நின்றாள்.

"வேனும் நீதான் ஓட்டறியா?"

"வேற யாரு ஓட்டுவா?"

"உனக்கு எல்லாமே கெடைச்சிருதுடி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், பல வருடம் அதை நானே சிரித்திருக்கிறேன். வேன் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாள்.

"அப்பாடி, இந்த ஸ்டியரிங் என்ன கனம் கனக்குது! எப்படித்தான் ஓட்டறே?"

"பழகிருச்சு" என்றேன். அன்று ராத்திரி பூசைக்குப் போய்வந்து படுக்கும் வரைக்கும் மனசு லேசாகவே இருந்தது. அவளுக்கென்று தனியாக, காரம் போடாமல், ஒரு குழம்பும் வைத்தேன்.