தென்காசிப் பேருந்தில் ஓர் இடம்

மே மாத விடுமுறைக் கூட்டம். திருப்பூரிலிருந்து தென்காசிக்குப் போகும் இரவுப் பேருந்தில் எப்படியோ ஏறி உட்கார்ந்துவிட்டேன். வெளியே நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சன்னல் வழியாக என் பக்கத்து இருக்கையில் துண்டைப் போடுகிறார்.

"ஏனுங்க, கொஞ்சம் பாத்துக்குங்க. நம்ம கம்பெனி டெய்லருக்குங்க."

அந்த டெய்லர் செல்வி. நான்கு வயது மகளோடு வந்து உட்காருகிறாள். வெள்ளைச் சட்டைக்காரர்தான் அவள் முதலாளி; அவரே இரண்டு பெரிய பைகளையும் தூக்கி மேலே வைத்துவிட்டு இறங்குகிறார்.

"பத்து நாள்ல வந்துருதேன் முதலாளி," என்கிறாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ஆகட்டும் அம்மிணி, பத்திரமாப் போங்க."

பேருந்து ஊரைத் தாண்டியதும் என்னிடம் மெதுவாகச் சொல்கிறாள்:

"நான் இனி வரமாட்டேன்க்கா. அம்மைக்குக் கையும் காலும் விழுந்துட்டு, பாக்க ஆளில்ல. ஆறு வருசமா நல்லா வச்சிருந்த மனுசன்கிட்ட பொய் சொல்லிட்டு வாரேன்."

"இப்பவாவது போன்ல சொல்லிடேன்," என்கிறேன்.

அவிநாசிபாளையம் வரும்வரை யோசிக்கிறாள். பிறகு அழைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாள். பேருந்து இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரைப் போட்டிருப்பதால் பதில் எனக்கும் கேட்கிறது.

"தெரியும் அம்மிணி. ஊட்டைக் காலி பண்றீங்கன்னு நேத்தே காதுல உழுந்துச்சு. இல்லீன்னா லீவுக்குப் போற ஆளுக்கு நான் எதுக்குங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரப்போறேன்? அம்மாவை நல்லாப் பாத்துக்குங்க."

செல்வி போனை மகளின் காதில் வைக்கிறாள். எதிர்முனையில் யாரென்று தெரியாமலே குழந்தை உற்சாகமாகக் கத்துகிறது:

"நாங்க ஆச்சி ஊருக்குப் போறோமே!"