வெர்னாவின் சைக்கிளும் முந்நூறு அடிச் சரிவும்

வெர்னா டோல்செத்துக்கு ஒரு பொருளைப் பிரித்து உள்ளே பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். மொண்டானா மலைக்காட்டில், கோல்ட்டர் ஓடைப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூட பஸ்களை முப்பத்தோரு வருஷம் பழுதுபார்த்தவள். கல்யாணப் பரிசாக வந்த சுவர்க்கடிகாரத்தை முதல் வாரமே பிரித்துப் போட்டாள். கணவர் டேல் கோபித்துக்கொண்டார், பிறகு பழகிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. அவளுடைய அறுபத்திரண்டாவது வயதில் வலது முழங்காலை மாற்றினார்கள். வெட்டியெடுத்த எலும்பைக் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேட்டாள். அவர் காட்டவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

முழங்கால் போனால் வேட்டையும் போயிற்று என்று ஊரே முடிவு கட்டியது. அங்கே வேட்டை பொழுதுபோக்கல்ல. ஒரு எல்க் மான் கிடைத்தால் வருஷம் முழுக்க வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லை. வெர்னா கடைக் கறியைக் கறியென்றே ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆகவே மின்சார சைக்கிள் ஒன்றை வாங்கினாள். பருத்த டயர், பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், பின்னால் இழுத்துப்போக ஒற்றைச் சக்கர வண்டி. மரக் கம்பெனி கைவிட்ட பழைய லாரிப் பாதையில் கார், மோட்டார் சைக்கிள் போகக்கூடாது; இது போகலாம்.

எதிர்வீட்டு ஹோலிஸ் பிரேக் அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சிரித்தார். எழுபது வயது, நாலு கோவேறு கழுதைகள் வைத்து வேட்டைக்காரர்களின் கறியை மலையிலிருந்து இறக்கிக் கொடுக்கிறவர். "என்ன அம்மணி, இது புல்லு திங்குமா?" என்று கேட்டார். உன் கழுதை மாதிரி கடிக்காது, அது போதும் என்றாள் வெர்னா.

வாங்கிய சைக்கிளையும் அவள் சும்மா விடவில்லை. கோடை முழுவதும் தினமும் மாலையில் மேய்ச்சல் வெளிக்கு ஓட்டிப்போய், எந்தச் சத்தத்துக்கு மான் தலைதூக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டாரின் முனகலை அவை சட்டை செய்யவில்லை. பிரேக் கீச்சிட்டால் காதைத் திருப்பின. மிதிக்காமல் உருட்டும்போது பின்சக்கரத்தில் வரும் 'டிக் டிக்' கேட்டால் கூட்டமே ஓடியது. ஏன் அந்தச் சத்தம் மட்டும் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. கெட்டியான கிரீஸை அடைத்து அதை ஊமையாக்கினாள். ஆகஸ்டில் எழுபது அடி தூரத்தில் ஒரு குட்டி நின்று அவளை உற்றுப் பார்த்தது. அவளும் பார்த்தாள். யாருக்கு வேடிக்கை அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

மகள் ஜோலின்தான் தடையாக இருந்தாள். இருநூறு மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எலும்பு முறிந்து வருகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறவள். தனியாகப் போவதென்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைக் கையோடு கொண்டுபோக வேண்டும், அதில் ஒரே ஒரு தடவை உதவி கேட்டாலும் அதோடு தனி வேட்டைக்கு முழுக்கு என்றாள். வெர்னா சத்தியம் செய்து கொடுத்தாள். அந்தச் செய்தி மகளுக்கும் ஹோலிஸுக்கும் ஒரே நேரத்தில் போகும்படி ஜோலினே அமைத்தும் கொடுத்தாள்.

அக்டோபர் கடைசி வாரம், துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி திறந்த மூன்றாம் நாள். பனி கொட்டவேண்டிய மாதத்தில் வெயில் சட்டையைக் கழற்ற வைத்தது. விடியற்காலையில் புறப்பட்டு ஒன்பது மைல் உள்ளே போய்விட்டாள். முன்பெல்லாம் அந்த இடத்துக்கு நடந்து போனால் மத்தியானம் ஆகும். பேட்டரி மீட்டரில் ஐந்து கட்டையில் மூன்றரை மிச்சம். திரும்பிப் போவதற்கு, சுமையோடுகூட, இரண்டரை போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பாதைக்குக் கீழே, சரிவில், பெட்டை எல்க் ஒன்று தனியாக நின்று மேய்ந்தது. வெர்னா சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்டியிட்டுச் சுட்டாள். ஒரே குண்டு. நாலு தாவல் தாவிக் கீழே விழுந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கறி சுமக்கிறவர்கள் யாரும் பாதைக்குக் கீழே நிற்கும் மானைச் சுடமாட்டார்கள். மேலே நின்றால் சுடு, சுமை தானாக இறங்கும். கீழே நின்றால் பார்த்துவிட்டுப் போ. நாற்பது வருஷம் அவள் மீறாத வழக்கம் அது. ஒன்பது மைலையும் பேட்டரிக் கட்டைகளாக எண்ணிக்கொண்டு வந்தவளுக்கு, கடைசி முந்நூறு அடியைக் கால்தான் ஏறவேண்டும் என்பது மறந்துபோயிற்று. சரிவு முழுக்கப் புயலில் சாய்ந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. சைக்கிள் அங்கே ஒரு அடிகூட இறங்காது. தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். பஸ் ஷெட்டில் கற்ற வார்த்தைகள், இங்கே எழுத முடியாது.

கீழே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, தோலுரித்து, நாலு தொடைகளையும் முதுகுக் கறியையும் பிரித்துத் துணிப்பைகளில் போட்டாள். அதற்கே பத்தரை மணி ஆகிவிட்டது. வெயிலுக்குக் கறி கெடும், கெடாமல் கிடந்தாலும் ராத்திரி கரடி விடாது. ஒரு பின்தொடையைத் தோளில் போட்டு இருபது அடி ஏறினாள். முழங்கால் வேண்டாம் என்று சொன்னது. வலியைவிட, மாற்றிய மூட்டு உள்ளே வழுக்குவது போன்ற அந்த உணர்வு அவளைப் பயமுறுத்தியது.

தனியாக மேலே வந்து உட்கார்ந்து சைக்கிளைப் பார்த்தாள். சக்கரம் சுற்றுகிறது. சுற்றுகிற எதுவும் கயிற்றை இழுக்கும். பிறகென்ன, பழைய வெர்னாவாகிவிட்டாள். சைக்கிளைக் கவிழ்த்து ஒரு பைன் மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். பின் டயரைக் கழற்றி எறிந்தாள். வண்டியில் சுமை கட்ட வைத்திருந்த கயிறுகளையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதும் முந்நூறு அடிக்குச் சற்றுக் கூடவே வந்தது. ஒரு நுனியை அகலமான ரிம்மில் கட்டி, மறு நுனியைக் கீழே கொண்டுபோய்க் கறிப்பையில் முடிந்தாள். மேலே ஏறிவந்து விசையை அழுத்தினாள். ரிம் சுற்றியது, கயிறு சுருண்டது, மரங்களுக்கு நடுவே பின்தொடை ஒன்று தானாக மலையேறி வந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பார்க்க ஒருவருமில்லையே என்றுதான் வருத்தம்.

மூன்று இடத்தில் பை கிளையில் சிக்கியது. மூன்று தடவையும் இறங்கி ஏறினாள். இரண்டாம் தொடையையும் முதுகுக் கறியையும் சேர்த்துக் கட்டி இழுத்தபோது மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. அவை மேலே வந்து சேர்ந்ததும் மீட்டரைப் பார்த்தாள். முக்கால் கட்டை. விசையை மறுபடி அழுத்தினாள், மோட்டார் அசையவில்லை. முன்தொடைகள் இரண்டும் இன்னும் கீழே கிடந்தன. மணி ஒன்று.

கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிடைத்த பாதியோடு போய்விடலாம். அதைத் தள்ளிக்கொண்டு ராத்திரிக்குள் எப்படியாவது வீடு சேரலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் கொன்ற மானைப் பாதியில் விட்டு வந்தவள் என்று தனக்கே பெயர் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. வேட்டையை விடுவது அதைவிடச் சுலபம் என்று தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்தது. அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினாள்.

நாலு மணிக்கு ஹோலிஸ் மூன்று கழுதைகளோடு வந்து சேர்ந்தார். கேலிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவரோ கவிழ்ந்து கிடந்த சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரிம்மில் சுருண்ட கயிற்றை விரலால் தடவினார். "ரெண்டு தொடை இதுலயா வந்துச்சு?" என்றார். ஆமாம் என்றாள். "மறுபடி ஒருக்கா ஓட்டிக் காட்டேன்." மோட்டார் செத்துவிட்டது என்றாள். அவர் முகம் வாடியது. பிறகு கயிற்றை அவிழ்த்துப் பெரிய கழுதையின் சேணத்தில் கட்டினார். அவர் கீழே இறங்கிப் பையை விடுவிக்க, வெர்னா கழுதையைப் பாதையோடு நடத்திப்போக, மீதியும் மேலே வந்தது.

அவளையும் ஒரு கழுதைமேல் ஏற்றி அடிவாரம் கொண்டுவந்து, கறியை அங்கே நிறுத்தியிருந்த அவள் பிக்கப் வண்டியில் இறக்கினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு: கறி சுமந்தவருக்கு முன்தொடை ஒன்று கூலி. வெளியூர்க்காரர்களிடம் ஹோலிஸ் கறாராக வாங்குவார். பள்ளத்தாக்குக்காரர்கள் நீட்டினால் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். டேல் எத்தனையோ முறை நீட்டித் தோற்றிருக்கிறார். வெர்னாவும் முறைக்காக ஒன்றை நீட்டினாள். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டில் பெரியதைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டார்.

வெர்னா மிஞ்சிய சிறியதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான் பொறப்படறதுக்குள்ள உன் பொண்ணு ரெண்டு தடவ போன் போட்டா, அம்மா உதவிக்குக் கூப்பிட்டாங்களா மாமான்னு. வந்து சொல்றேன்னேன். கூலிக்குத்தான் கூப்பிட்டாங்கன்னு சொல்லணும். எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்ல, பாத்துக்க," என்றார் ஹோலிஸ். கழுதைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குள் காலை வைக்கும்போதே ஜோலின் அழைத்தாள். கால் எப்படி இருக்கிறது, வீங்கியிருக்கிறதா, ஐஸ் வைத்தாயா என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"கூப்பிட்டியேம்மா."

"கூப்பிட்டேன். கூலி குடுத்துட்டேன்."

"ஹோலிஸ் மாமா வாங்கவே மாட்டாரே."

"வாங்கிக்கிட்டார். பெரிய தொடையாப் பாத்து எடுத்துக்கிட்டார்."

ஜோலின் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வெர்னா முழங்காலைப் பிடித்தபடி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரிம்மா," என்றாள் ஜோலின். "அப்ப அது கூலிதான்."