எல்லாம் செடிதானே

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு என் மகள் பல் தேய்த்துவிட்டு வந்து, "அப்பா, கண்ணு ஒரு மாதிரி இருக்கு பாரேன்" என்றாள். விழி முழுக்க மஞ்சள். நான் வேதியியலில் முதுகலை படித்தவன். நான் கொடுத்துவந்த மஞ்சள் மாத்திரை உடம்பில் நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. நந்தனத்தில் வேலை. சாயங்காலம் சோர்ந்து வருவாள். நோய் என்று சொல்ல வேறொன்றும் இல்லை. அந்தச் சோர்வுக்காக தி.நகரில் இரண்டு புட்டி மாத்திரை வாங்கினேன். ஒன்று மஞ்சளின் சாரம், மற்றது பச்சைத் தேயிலையின் சாரம். வெறும் மஞ்சள் ரத்தத்தில் சரியாக ஏறாது, மிளகின் சாரம் சேர்ந்தால் ஏறும் என்று படித்திருந்தேன். அதையும் பார்த்துத்தான் வாங்கினேன். இரண்டு மாதம், தினமும் எதிரே நின்று விழுங்க வைத்தேன்.

"வயித்தப் பொரட்டுதுப்பா" என்றாள் ஒருநாள்.

"எல்லாம் செடிதானே, ஒண்ணும் பண்ணாது."

கண் மஞ்சளான அந்த ஞாயிற்றுக்கிழமையும் செடியைத் தேடித்தான் ஓடினேன். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைக் கீரைக்காரம்மா கீழாநெல்லியைக் கட்டிக் கொடுத்தபடியே, "இன்னா சார், பொண்ணுக்கு மஞ்சக்காமாலையா? மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ சார்" என்றாள். படிக்காதவள், பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். மகள் அதை அப்படியே வாந்தியெடுத்த பிறகுதான் அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறாங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த இளம் டாக்டர்.

"எங்க வீட்ல தலைவலி மாத்திரைகூட தொடமாட்டோம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே.

அதனால் அவளைச் சேர்த்துக்கொண்டு வேறு காரணங்களைத் தேடினார்கள். குடிப்பாளா என்று அவளிடம் இரண்டு முறை கேட்டார்கள். கிருமி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பரிசோதனையும் சொன்னது. ஈரல் மட்டும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. மாற்று ஈரல் என்ற பேச்சு வந்தபோது என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தவள் எழவில்லை. நான் என்னால் ஆனதைச் செய்தேன். தெம்பு வரட்டும் என்று, நர்ஸ் வருவதற்கு முன் காலைதோறும் அந்த மாத்திரைகளைக் கொடுத்துவந்தேன்.

மூன்றாம் நாள் காலை மகள் விழுங்காமல் உள்ளங்கையில் துப்பினாள். அப்போது உள்ளே வந்த நர்ஸிடம், "சிஸ்டர், இதையும் சாப்பிடணுமா? அப்பா குடுக்கறாரு" என்றாள். நர்ஸ் புட்டிகளோடு வெளியே போனார்.

அரைமணி நேரத்தில் ஈரல் நிபுணர் வந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"என்ன சார் படிச்சிருக்கீங்க?"

"கெமிஸ்ட்ரி."

"ஒரு பானை டீயக் காய்ச்சி ஒரு மாத்திரைக்குள்ள அடைச்சா, அது டீ இல்லன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? இத நிறுத்தினா பெரும்பாலும் ஈரல் தேறிடும். ஆனா இப்பவே உறுதியா சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் பாக்கணும்." பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் அப்பா எது குடுத்தாலும் என்னக் கேட்டுட்டு சாப்பிடும்மா. தண்ணியா இருந்தாலும்."