பதுவையில் இருபது நிமிடம்

இத்தாலியில் ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்தபோது என்னைவிட அப்பாதான் துள்ளிக் குதித்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு வந்ததைத் தவிர வேறு பயணமே போகாத மனுசன். சிட்னிக்கு வந்து இத்தனை வருடத்தில் மெரிலேண்ட்ஸ் வீடு, பரமட்டாவில் வேலை, அவ்வளவுதான் அவருடைய உலகம்.

நான் பொலோனியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் கிழமையே என் சனி ஞாயிறுகளை அவர் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு வெள்ளி காலை, அவருக்கு மாலை, போன் வரும்.

"பிள்ளை, இந்தமுறை வெரோனாவுக்குப் போ. எட்டரைக்கு ஒரு ரயில் கிடக்கு. மெதுவாத்தான் போகும், ஆனா ரிக்கற் மலிவு."

எங்கள் வீட்டுக் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு இத்தாலி ரயில் நேரமெல்லாம் பாடமாக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டால், லீவு மிச்சம் கிடக்கிறது என்பார். வீடியோவில் வரச் சொன்னால் கமரா பழுது என்பார். புதுப் போன் வாங்க மனம் வராத கஞ்சன் என்று கேலி செய்தேன். சிரித்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பயணங்கள் சீக்கிரமே அலுத்துவிட்டன. மழை, கால்நோவு, எங்கே போனாலும் ஒரு கோபுரம். ஆனாலும் படம் எடுத்து அனுப்புவேன். அவர் முழு வசனமாகப் பதில் எழுதுவார். "கோபுரம் வடிவு. நீ மெலிஞ்சு போனாய்."

ஒருமுறை பதுவைக்கு அனுப்பினார். "அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வா."

"நாங்கள் சைவமெல்லோ அப்பா? எதுக்கு?"

"சும்மாதான்."

சனிக்கிழமை கொளுத்தினேன். ஞாயிறு காலை, பதுவை ரயில் நிலையத்தில் தோழிகளுடன் வெனிஸ் ரயிலுக்காக நின்றபோது அவர் அழைத்தார். நாக்கு தடித்ததுபோல் மெதுவாகப் பேசினார். நித்திரைக் கலக்கம் என்று நினைத்தேன்.

"பிள்ளை, கொஞ்சநேரம் கதைப்பமோ?"

"ரயில் வந்திட்டுது அப்பா. பிறகு எடுக்கிறன்."

ரயில் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடமும் தோழிகளுடன் கோப்பி குடித்துக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு போன் எடுத்தால் அம்மாதான் பேசுவார். அப்பா நித்திரை. அப்பா குளிக்கிறார். அப்பாவின் போனுக்கு நான் அனுப்பும் படங்களுக்குக் கீழே நீலச் சரி விழும், ஒரு கட்டைவிரல் வரும். கட்டைவிரல் அனுப்புகிற ஆளா என் அப்பா? அது எனக்கு உறைக்கவே இல்லை. கரைச்சல் குறைந்தது என்று சந்தோசமாகக்கூட இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

செமஸ்டர் முடிந்து வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் அம்மா தனியாக நின்றார். கார் வீட்டுக்குத் திரும்பாமல் வெஸ்ட்மீட்டுக்குப் போனது. அங்கே ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில்தான் அம்மா வாய் திறந்தார். நான் போன இரண்டாம் கிழமையே அப்பாவுக்கு மூளையில் கட்டி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ரயில் நேரமெல்லாம் அப்பா பார்த்துச் சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. அந்த ஞாயிறு இரவோடு பேச்சு நின்றுவிட்டது. கட்டைவிரல் அனுப்பியது அம்மா.

"அப்பாதான் சத்தியம் வாங்கினவர். உன்ர படிப்புக் குழம்பிடுமாம்."

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். தூரத்தில் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் எல்லோரும் நல்ல சுகம் என்று சொல்லியே பழகிய எங்கள் ஆட்களை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

வார்டில் தமிழ்நாட்டு நர்ஸ் ஒருத்தி என்னைப் பார்த்ததும் சொன்னாள். "நீங்கதானா அந்தப் பொண்ணு? உங்க போட்டோவ ஒவ்வொரு பெட்டா போய்க் காட்டுவாருங்க. இப்ப அவருக்கு யாரையும் அடையாளம் தெரியல."

இப்போது சனி ஞாயிறுகளில் நான் போகிற இடம் வெஸ்ட்மீட் மட்டும்தான். இனிச் செய்ய எதுவும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கட்டிலோரம் குனிந்து அவருடைய காதுக்குள் ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறேன்.

"அப்பா, ரயில் இன்னும் வரேல்ல. இருபது நிமிசம் கிடக்கு. கதையுங்கோ."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.